வேலை தேடும் காலத்தில் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

வேலை போனவரிடமும், படிப்பை முடித்துவிட்டு வருடக்கணக்கில் வேலை தேடிக்கொண்டிருப்பவரிடமும் ஊர் சொல்லும் ஆறுதல் ஒன்றுதான்: "தன்னம்பிக்கையை மட்டும் விட்டுடாதப்பா." சொல்பவருக்குக் காசு செலவில்லை. கேட்பவருக்கோ அதை வைத்துக்கொண்டு திங்கள்கிழமை காலையில் என்ன செய்வது என்று தெரியாது.

தன்னம்பிக்கை பிறவிக் குணம், சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு பக்கம். கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று பத்து தடவை சொன்னால் அது ஊறிவிடும் என்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதை யூடியூபில் விற்றே பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சிகள் காட்டுவது வேறு. ஒரு காரியம் நம்மால் ஆகும் என்ற நம்பிக்கை, நாம் பார்க்கும் ஆதாரங்களிலிருந்து உருவாகிறது. பொருளாதாரம் சரிந்த காலத்தில் வேலை தேடுகிறவருக்கு வந்து சேரும் ஆதாரங்களில் பெரும்பகுதி அவரைப் பற்றியதே அல்ல. ஆனால் அவர் அதைத் தன்னைப் பற்றிய தீர்ப்பாகப் படித்துவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்தப் பிழையைப் பற்றியது.

மழை நாளில் இட்லிக் கடை

தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மாதம், மூன்று நாளாக விடாத மழை. வழக்கமாக எட்டரை மணிக்கே காலியாகும் அண்டா, பத்து மணியாகியும் பாதி அப்படியே இருக்கிறது. "என் கைப்பக்குவம் போய்விட்டது" என்று அவர் முடிவுக்கு வருவாரா? மாட்டார். மாவு பொங்கியிருக்கிறதா, இட்லி பூவாக வெந்திருக்கிறதா, நனைந்துகொண்டு வந்த நாலு பேரில் யாராவது இன்னொரு ஈடு கேட்டார்களா என்று பார்ப்பார்.

அவரிடம் இரண்டு அளவைகள் இருக்கின்றன. விற்பனை மழையைப் பொறுத்தது. மாவு அவர் கையைப் பொறுத்தது. மழை நாளில் விற்பனையை வைத்து மாவை எடைபோடுவதில்லை. அதே சமயம் மழையைச் சாக்காக வைத்துப் புளித்த மாவை அவர் ஊற்றவும் மாட்டார்.

வேலை தேடுகிறவரின் நிலை இதைவிடக் கொஞ்சம் மோசம். அந்த அக்காவுக்கு மழை கண்ணெதிரே பெய்கிறது. நம் மழை எங்கோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் பெய்கிறது. நமக்குத் தெரிவதெல்லாம் பதில் வராத மின்னஞ்சலும், "கால் பண்றோம்" என்று சொல்லிவிட்டு அழைக்காத ஹெச்.ஆரும்தான்.

மழை எவ்வளவு கனமானது?

மந்தநிலையில் பொருள்களுக்கான தேவை குறைகிறது. நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்துகின்றன, இருப்பவர்களையும் அனுப்புகின்றன. இதனால் வருவது சுழற்சி வேலையின்மை. பொருளாதாரம் ஏறி இறங்குவதோடு சேர்ந்து இதுவும் வந்து போகும். இதிலிருந்து வேறானது அமைப்புசார் வேலையின்மை: தொழில்நுட்பமோ தொழிலோ மாறியதால் ஒரு திறமைக்கே சந்தை சுருங்கிப்போவது. முதலாவதைத் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டாவதற்குப் புதிதாகக் கற்க வேண்டும். நடைமுறையில் இரண்டும் கலந்தேதான் வரும். ஆனாலும் நம் துறையில் எது அதிகம் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் 2007 டிசம்பரில் ஒரு காலியிடத்துக்கு வேலையற்றோர் ஏறத்தாழ இரண்டு பேர் இருந்தார்கள். 2009 நடுவில் அது ஆறு பேருக்கு மேல் போனது. அந்த ஒன்றரை வருடத்தில் அமெரிக்கர்களின் திறமை மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடவில்லை. நாற்காலிகள்தான் குறைந்தன. அதே அலை சென்னையைத் தொட்டபோது, கேம்பஸிலேயே ஆஃபர் லெட்டர் வாங்கியவர்கள்கூடச் சேரும் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கடிதம் கொடுத்தபோது இருந்த அதே மாணவர்கள்தான்.

நமக்குப் பழக்கமான இன்னொரு கணக்கு. 2022இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. பிறகு அது 10,000ஐத் தாண்டியது. அப்படியும் இருநூறு பேருக்கு மேல் போட்டியிட்டு ஒருவருக்கு இடம். அத்தனை பேரும் நன்றாகப் படித்திருந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் வெளியேதான் நின்றிருப்பார்கள். தேறாதவர் தன்னை "மக்கு" என்று சொல்லிக்கொண்டால் அது அடக்கமல்ல, கணக்குப் பிழை.

கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு விளைவு, ஒரு தனி மனிதரைப் பற்றி எதையும் பெரிதாகச் சொல்லாது. பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறும் இடத்தில் நாம் தேறவில்லையென்றால் யோசிக்க வேண்டிய செய்தி. இருநூறு பேரில் ஒருவர் தேறும் இடத்தில் தேறவில்லையென்றால் அதில் செய்தியே இல்லை.

பண்டூரா கண்டது

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதைத் தமிழில் தன்திறன் நம்பிக்கை என்று சொல்லலாம்: குறிப்பிட்ட ஒரு காரியத்தை என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் கொள்ளும் எண்ணம். "நான் மதிப்புள்ள மனிதன்" என்ற பொதுவான உணர்விலிருந்து இது வேறானது. ஆயிரம் பேர் முன்னால் பட்டிமன்றம் பேசுகிறவருக்கு ஆங்கிலத்தில் ஒரு இன்டர்வியூ என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அவரிடம் தன்னம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று கேட்பதில் பொருளில்லை. எதைச் செய்வதில் என்று கேட்க வேண்டும்.

பண்டூராவின் சோதனைகளில் பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர்கள் இருந்தார்கள். "பாம்பு ஒன்றும் செய்யாது, தைரியமாக இரு" என்று அவர்களுக்கு யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. முதலில் இன்னொருவர் விஷமில்லாத பாம்பைத் தொடுவதைப் பார்த்தார்கள், பிறகு கையுறை போட்டுக்கொண்டு தொட்டார்கள், கடைசியில் வெறும் கையால் பிடித்தார்கள். பயம் போனது. சிலருக்கு வாழ்க்கையின் வேறு விஷயங்களிலும் துணிச்சல் கூடியது.

இந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்றார் அவர். மிக வலுவானது, நாமே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம். வேலை தேடும் காலத்தில் முதலில் வற்றிப்போவதும் இதுதான். அலுவலகத்தில் இருந்தபோது தினமும் ஏதோ ஒன்று முடிந்தது: ஒரு பில், ஒரு அறிக்கை, ஒரு டெலிவரி. இப்போது எதுவும் முடிவதில்லை. விண்ணப்பங்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன.

பலர் இங்கே ஒரு தப்பான மருந்தை எடுக்கிறார்கள்: ஒரே ரெஸ்யூமேயை ஒரே நாளில் நூறு இடத்துக்குத் தட்டிவிடுவது. அது வேலை செய்த மாதிரி ஓர் உணர்வைத் தரும், செய்து முடித்த அனுபவத்தைத் தராது. நம் கைக்குள் இருக்கும் காரியம் வேண்டும், அது முடிந்ததா இல்லையா என்று நமக்கே தெரிய வேண்டும். கணக்கு எழுதுகிறவர் என்றால் தெரிந்த மளிகைக் கடைக்காரரின் மூன்று மாதக் கணக்கை டேலியில் ஏற்றிக் கொடுக்கலாம். கோடிங் ஆள் என்றால் யாராவது உண்மையில் பயன்படுத்தும் சின்ன ஒன்றை முடிக்கலாம். அவை இன்டர்வியூவில் காட்டுவதற்கும் உதவும். அதைவிட முக்கியம், "எனக்கு இந்த வேலை தெரியும்" என்பதற்கு நமக்கே ஒரு சாட்சி.

இரண்டாவது ஊற்று, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. "நம்மைப் போன்ற" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லிங்க்ட்இன்னில் யாரோ ஒருவர் புது வேலையில் சேர்ந்த படத்தைப் பார்த்தால் நம்பிக்கை கூடுவதில்லை, வயிறுதான் எரிகிறது. அவர் எத்தனை மாதம் அலைந்தார், எங்கே தோற்றார் என்பது படத்தில் இல்லை. அதே ஊரில், அதே படிப்பில், அதே வயதில் தேடிக்கொண்டிருக்கும் நாலு பேரோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசினால், ஒருவருக்குக் கிடைக்கும்போது அது எப்படிக் கிடைத்தது என்று மற்றவர்களுக்கும் தெரிகிறது.

மூன்றாவது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை. நாலில் பலவீனமான ஒன்று. நடைமுறையில் ஒரு அடி விழுந்தால் உடனே கரைந்துவிடும். ஊர் முழுக்க இதை மட்டுமே நமக்குக் கொடுக்கிறது என்பதுதான் வேடிக்கை. நான்காவது, உடம்பு சொல்லும் செய்தி. இன்டர்வியூவுக்கு முன் கை வியர்ப்பதை "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று படிப்பவர் உண்டு, "உடம்பு தயாராகிறது" என்று படிப்பவரும் உண்டு. வியர்வை ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: வராத பதில்கள் பெரும்பாலும் சந்தையைப் பற்றிய தகவல். நம்பிக்கைக்கு வேண்டியது நம்மைப் பற்றிய தகவல். அதை நாமே தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மரியந்தால் கிராமத்தின் கடிகாரம்

வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு. ஊரே ஒரு நெசவாலையை நம்பியிருந்தது. 1929 பொருளாதார வீழ்ச்சியில் ஆலை மூடப்பட்டது. மேரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே நடத்திய ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலையின்மை மனிதரை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது கோபத்தையும் கிளர்ச்சியையும். அவர்கள் கண்டது சோர்வை. ஊர் நூலகத்தில் முன்பு வாங்கிவந்த சிறு கட்டணத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள், நேரமோ கொட்டிக் கிடந்தது. ஆனாலும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. ஆய்வாளர்கள் மறைவில் இருந்து, கையில் கடிகாரத்தோடு, தெருவில் போகிறவர்களின் நடையைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு ஆலை வேலைதான் போயிருந்தது. அடுப்பு, துணி, பிள்ளைகள் எதுவும் போகவில்லை. "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஆண்களால் ஒரு நாளை நிரப்பிச் சொல்ல முடியவில்லை.

இதை வைத்து யஹோடா பின்னாளில் சொன்னது: வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒரு வடிவம், குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், கூட்டாக ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், ஊரில் ஓர் இடம், கட்டாயமான சுறுசுறுப்பு, இந்த ஐந்தும் சம்பளத்தோடு சேர்ந்தே வருகின்றன. வேலை போனால் ஆறும் ஒரே நாளில் போகின்றன.

நம் வீடுகளில் பதினோரு மணிக்கு எழுந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "பொறுப்பே இல்லை" என்று அப்பா திட்டும்போது, அவர் விளைவைக் காரணம் என்று நினைத்துத் திட்டுகிறார். சம்பளத்தை நம்மால் உடனே திரும்பக் கொண்டுவர முடியாது. மற்ற ஐந்தில் மூன்று நான்கைத் திரும்பப் பெறலாம். எழும் நேரம், தேடுவதற்கு என்று ஒதுக்கிய மணிகள், அவை முடிந்ததும் கணினியை மூடுவது, வாரத்தில் சில நாளாவது வீட்டை விட்டு வெளியே போய் உட்காரும் ஓர் இடம். தேடுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. எட்டு மணி நேரம் நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளத்தைப் புரட்டிக்கொண்டிருப்பது தேடலல்ல, தண்டனை.

1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. என்ன செய்தாலும் தப்ப முடியாத மின் அதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு தப்ப வழியிருந்தபோதும் முயலாமல் படுத்துக்கிடந்தன. இதற்குக் கற்றுக்கொண்ட கையறுநிலை என்று பெயர். பலரும் அறியாதது, அவர்கள் இருவருமே 2016இல் இதைத் திருத்தியது. நீண்ட துன்பத்தில் ஓய்ந்துபோவதை மூளை கற்றுக்கொள்ளவில்லை, அது மூளையின் இயல்பான எதிர்வினை; கற்றுக்கொள்ளப்படுவது "என் செயலுக்கு விளைவு இருக்கிறது" என்பதுதான். சின்னச் சின்னக் காரியமானாலும் செய்து முடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

எல்லாப் பழியையும் மழை மேல் போடுவதும் ஏமாற்றுதான். மாவு புளித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, "ஏன் எனக்கு வேலை கிடைக்கவில்லை?" என்ற பெரிய கேள்வியை விட்டுவிட்டு, "எந்தக் கட்டத்தில் நிற்கிறது?" என்று கேட்க வேண்டும்.

ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எங்கே விண்ணப்பித்தோம், பொதுவாக அனுப்பினோமா, அந்த வேலைக்கென்று ரெஸ்யூமேயை மாற்றி அனுப்பினோமா, ரெஃபரல் இருந்ததா, எதுவரை போனது. கொஞ்சம் சேர்ந்ததும் படம் தெரியும். அழைப்பே வரவில்லை என்றால் சிக்கல் ரெஸ்யூமேயிலோ நாம் குறிவைக்கும் வேலையிலோ சந்தையிலோ. நேர்காணல் திறமையை நொந்துகொள்ள அங்கே எந்த ஆதாரமும் இல்லை, ஏனென்றால் யாரும் நம்மோடு பேசவே இல்லை. அழைப்பு வந்து முதல் சுற்றிலேயே திரும்பத் திரும்ப நின்றால், அது பயிற்சியால் மாறக்கூடிய இடம்: நண்பரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. கடைசிச் சுற்று வரை போய்த் தவறுகிறது என்றால் பெரும்பாலும் சம்பளப் பேச்சு, உள்ளே இருந்த வேறொரு ஆள், அல்லது அதிர்ஷ்டம்.

யாரிடமும் சொல்லாதே என்பது

வேலை போனால் நம் குடும்பங்கள் முதலில் செய்வது அதை மறைப்பது. "கல்யாணப் பேச்சு நடக்குது, வெளிய தெரியவேண்டாம்." புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். நெருங்கிச் சந்திப்பவர் மூலம் கிடைத்தது ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது சந்திப்பவர்கள், அபூர்வமாகச் சந்திப்பவர்கள் மூலமே தகவல் வந்திருந்தது. இந்த மேலோட்டமான பழக்கத்துக்குத் தளர்ந்த உறவு என்று பெயர். நெருங்கிய நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். பழைய கம்பெனியில் பக்கத்து டீமில் இருந்தவருக்குத்தான் நமக்குத் தெரியாத கதவு தெரியும். 2022இல் லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிப் பேரை வைத்து நடந்த பெரிய சோதனையும் ஏறத்தாழ இதையே காட்டியது.

வெட்கம் வந்தால் முதலில் மூடுவது இந்தக் கதவுகளைத்தான். மூடிய பிறகு திறந்திருப்பது யார் கதவு என்று பாருங்கள்: முன்பணம் கட்டச் சொல்லும் கன்சல்டன்சி, பின்வாசல் வேலை வாங்கித் தருகிறேன் என்பவர். 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். அவர்கள் முட்டாள்கள் அல்ல. வந்த வாய்ப்பைச் சந்தேகிக்கும் தெம்பு வேலை இல்லாத காலத்தில் யாருக்கும் குறையும்.

யாரிடமும் "வேலை வாங்கித் தாருங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை. "அண்ணா, போன மாதம் எங்க டீமையே எடுத்துட்டாங்க. உங்க பக்கம் பர்ச்சேஸ்ல ஆள் எடுக்கறாங்களான்னு கேள்விப்பட்டா சொல்லுங்க." போதும்.

காகிதத்தில் இறக்கிவைப்பது

1994இல் வெளியான ஓர் ஆய்வில், பணிநீக்கம் செய்யப்பட்ட நடுவயதுப் பொறியாளர்களில் ஒரு பகுதியினரை, வேலை போனதைப் பற்றிய தங்கள் ஆழ்ந்த எண்ணங்களைத் தொடர்ந்து ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுதச் சொன்னார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, எழுதாதவர்களைவிட எழுதியவர்கள் கணிசமாக அதிகம் பேர் வேலையில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் கூடுதலாக விண்ணப்பிக்கவும் இல்லை, கூடுதல் நேர்காணலுக்குப் போகவும் இல்லை. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கசப்பு நேர்காணல் மேசையில் வழியாமல் போனதுதான் காரணமாக இருக்கலாம். கலந்துகொண்டவர்கள் 63 பேர்தான், எனவே இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் செலவு ஒரு பேனா.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவான ஒரு பயிற்சித் திட்டம் இன்னொன்றைச் செய்தது. தோல்வி வரும் முன்பே அதற்குத் தயார்ப்படுத்துவது. "பதில் வராவிட்டால் அன்று என்ன செய்வீர்கள்? நேர்காணலில் சொதப்பினால் மறுநாள் காலை என்ன செய்வீர்கள்?" என்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்துக்கொள்வார்கள். பங்கெடுத்தவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது, மனச்சோர்வும் குறைந்தது.

இதோடு ஒரு கணக்கையும் எழுதிவிடுங்கள்: கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் ஓடும்? அந்த எண் சின்னதாக இருந்தாலும், தெரியாத எண்ணைவிடக் குறைவாகவே பயமுறுத்தும். இடைக்கால வேலை ஒன்றைப் பிடிப்பதா, இன்னும் பொறுப்பதா என்பதையும் மனநிலை தீர்மானிக்காது, அந்த எண் தீர்மானிக்கும்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஈடுபாடற்ற நிலை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், இந்தக் கட்டுரையில் இருப்பது எதுவும் போதாது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே அழைக்க வேண்டும்.

ரெஸ்யூமேயில் விழுந்த இடைவெளி

கடைசியாக, எல்லோரையும் அரிக்கும் ஒன்று: "கேப் விழுந்துவிட்டதே." இந்தப் பயம் ஆதாரமற்றதல்ல. அமெரிக்காவில் மூன்று பொருளியலாளர்கள் ஏறத்தாழ 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை உண்மையான வேலை அறிவிப்புகளுக்கு அனுப்பிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வேலையில்லாமல் இருந்த மாதங்கள் கூடக் கூட அழைப்புகள் குறைந்தன, அதிலும் முதல் எட்டு மாதங்களில்தான் சரிவு செங்குத்தாக இருந்தது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. வேலையின்மை அதிகமாக இருந்த ஊர்களில் இந்தத் தண்டனை லேசாக இருந்தது. எல்லோருக்கும் இடைவெளி இருக்கும் ஊரில், ஆள் எடுப்பவரும் இடைவெளியை ஆளின் குறையாகப் பார்ப்பதில்லை. கஷ்ட காலத்தில் விழுந்த இடைவெளியை அந்தக் காலத்தோடு சேர்த்தே சொல்லிவிடலாம்: "2023 மார்ச்சில் எங்கள் பிரிவையே மூடினார்கள். அதன் பிறகு இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்தேன், இதோ அந்த வேலை." மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம், நீளமான விளக்கமும் வேண்டாம். கேட்பவர் அந்தக் கடைகளைப் பற்றித்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார். அதற்கான பதிலைத் தயாராக வைத்திருங்கள்.